தலைக்கு மேல போன சமாச்சாரம்

முப்பது வயசுக்கு மேல ஒரு ஆம்பளைக்கு முடி கொட்ட ஆரம்பிச்சா ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் டாக்டர் ஆயிடுவாங்க. உப்புத் தண்ணியில குளிக்கிறதுதான் காரணம்னு ஒருத்தர். ஹெல்மெட்டுனு இன்னொருத்தர். "உடம்புல சூடு ஜாஸ்தி, வாரம் ரெண்டு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பா"னு பக்கத்து வீட்டுப் பாட்டி. ரொம்ப யோசிச்சா முடி கொட்டும்னும் சொல்றாங்க. என்னைத் தெரிஞ்ச யாரும் என்கிட்ட அந்தக் காரணத்தை மட்டும் இதுவரைக்கும் சொன்னதில்லை :-). நடுவுல "சொட்டை விழுந்தா காசு சேரும்"னு ஒரு ஆறுதல் வேற. எனக்கு நெத்தி உச்சந்தலை வரைக்கும் ஏறியாச்சு, காசைத்தான் இன்னும் காணோம்.

ஆனா நான் இதைப் பத்தி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் தலை இல்லை. எங்க மாப்பிள்ளையோட தலை. அதாவது என் தங்கச்சி வீட்டுக்காரர். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன், அதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம் இருக்கு. பொறுமையாப் படிங்க.

ஆம்பளைங்களுக்கு வர்ற சாதாரண வழுக்கைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் சம்பந்தம் இருக்குங்கிறது ரொம்பப் பழைய சேதி. விரை நீக்கப்பட்டவங்களுக்கு வழுக்கை விழறதில்லைன்னு கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. அதை முறையா நிரூபிச்சவர் ஜேம்ஸ் ஹாமில்டன்னு ஒரு அமெரிக்க உடற்கூறு ஆராய்ச்சியாளர், 1942-ல. பருவ வயசுக்கு முன்னாடியே விரை இழந்தவங்களையும் வேற காரணங்களால ஹார்மோன் சுரக்காதவங்களையும் தேடிப் பிடிச்சுப் பார்த்தார். ஒருத்தருக்கும் வழுக்கை இல்லை. அவங்கள்ல சிலருக்கு டெஸ்டோஸ்டீரோன் குடுத்தார். குடும்பத்துல வழுக்கை இருந்தவங்களுக்கு முடி கழண்டுது, இல்லாதவங்களுக்கு அப்படியே இருந்துச்சு. ஊசியை நிறுத்தினதும் கொட்டறதும் நின்னுது, ஆனா போன முடி போனதுதான். ஹார்மோன் வேணும், பரம்பரையும் வேணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் சொட்டைன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் ஹெல்மெட்டைத் திட்டிக்கிட்டு இருக்கோம்.

பரம்பரைன்னதும் "உங்க தாய்மாமனைப் பாரு"ம்பாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆண் ஹார்மோனைப் பிடிச்சுக்கிற ஏற்பி இருக்கே, அதுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆம்பளைக்கு எக்ஸ் வர்றது அம்மா வழியாத்தான். தாய்மாமன் செய்யற சீர்ல இதுவும் ஒண்ணுன்னு வெச்சுக்க வேண்டியதுதான். ஆனா முழுப் பழியையும் மாமன் தலையில போட முடியாது. 2017-ல பிரிட்டன்ல 52,000-க்கும் மேல ஆம்பளைங்களோட மரபணுவை அலசினதுல, வழுக்கையோட சம்பந்தப்பட்ட இடம்னு 287 கிடைச்சுது. எக்ஸ்ல இருந்தது அதுல 40தான். மிச்சமெல்லாம் மத்த குரோமோசோம்ல, அதாவது அப்பா கிட்ட இருந்தும் வரலாம்.

இப்ப அந்த ஹார்மோன் என்னதான் பண்ணுது? டெஸ்டோஸ்டீரோன் நேரா வந்து முடியைப் பிடுங்கறதில்லை. முடி வேர்ல ஃபைவ் ஆல்ஃபா ரிடக்டேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது டெஸ்டோஸ்டீரோனை டி.எச்.டி.ன்னு இன்னொண்ணா மாத்திடுது. இது அப்பனை விட வீரியமான பிள்ளை. ஏற்பியில போய் ஒட்டுனா சீக்கிரம் விடாது. ஒரு தலைமுடி சாதாரணமா ரெண்டு வருஷத்துல இருந்து ஆறு வருஷம் வளரும், அப்புறம் ரெண்டு மூணு வாரம் சுருங்கும், மூணு மாசம் போல ஓய்வெடுக்கும், உதிரும், அதே குழியில புதுசு முளைக்கும். அதனால தினம் அம்பது நூறு முடி போறதெல்லாம் கணக்குலயே வராது. டி.எச்.டி. பண்ற வேலை, அந்த வளர்ற காலத்தை ஒவ்வொரு சுத்துலயும் குறைச்சுக்கிட்டே வர்றது. குழியும் சின்னதாகுது, முடியும் மெலிசாகுது. கடைசியில கைக்குழந்தை நெத்தியில இருக்குமே பூனை முடி, அந்த மாதிரி ஆயிடும். வழுக்கைன்னா முடி இல்லாத இடம்னு நெனைக்கிறோம். பாதி நேரம் அங்க முடி இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை.

வேடிக்கை என்னன்னா, இதே டி.எச்.டி. தாடியில வேலை செஞ்சா தாடி அடர்த்தியாகுது. தலையில வேலை செஞ்சா தலை காலி. பின்மண்டை முடியை இது ஒண்ணுமே பண்றதில்லை. நியூயார்க்ல நார்மன் ஓரன்ட்ரைக்னு ஒரு தோல் டாக்டர் 1959-ல இதை வெச்சு ஒரு காரியம் எழுதினார். பின்மண்டை முடியை எடுத்து முன்னாடி நட்டாலும் அது தன் குணத்தை விடாம வளர்ந்துக்கிட்டே இருக்கு. இன்னிக்கு முடி நடற ஆஸ்பத்திரி அத்தனையும் ஓடறது இந்த ஒரு உண்மையை நம்பித்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

டி.எச்.டி.தான் வில்லன்னா அதை நிறுத்த முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. டொமினிக்கன் குடியரசுல சலினாஸ்னு ஒரு ஊர். அங்க சில குடும்பங்கள்ல பொறக்கும்போது பொண்ணு மாதிரி இருக்கிற குழந்தைங்க, பொண்ணாவே வளர்ந்து, பன்னெண்டு வயசு வாக்குல ஆம்பளையா மாறுவாங்க. குரல் உடையும், உறுப்பு வளரும். ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லிங்கிற டாக்டரம்மாவும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் போய்ப் பார்த்து 1974-ல எழுதினாங்க. விஷயம் இதுதான்: அந்தப் பிள்ளைங்களுக்கு அந்த நொதியில பிறவிக் குறை. டெஸ்டோஸ்டீரோன் இருக்கு, டி.எச்.டி. கிட்டத்தட்ட இல்லை. வயித்துல இருக்கும்போது ஆண் உறுப்பு வெளியில உருவாகறதுக்கு டி.எச்.டி. வேணும், அது இல்லாததால பொண்ணு மாதிரி பொறக்குறாங்க. வளர்ந்தப்புறம் அவங்களைப் பார்த்தா புராஸ்டேட் சுரப்பி சின்னது, தாடி கம்மி, வழுக்கை கிடையவே கிடையாது.

அமெரிக்காவுல மெர்க் கம்பெனிக்காரங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த நொதியைத் தடுக்கிற மாத்திரை ஒண்ணு செஞ்சாங்க, பேரு ஃபினாஸ்டெரைடு. வயசானவங்களுக்குப் புராஸ்டேட் வீங்கி ராத்திரி பத்து தடவை எந்திரிக்கிற தொல்லைக்கு 5 மில்லிகிராம்னு 1992-ல அங்க அனுமதி கிடைச்சுது. அதே மருந்து 1 மில்லிகிராம் அளவுல வழுக்கைக்குன்னு 1997-ல வந்துச்சு. ஒரே மருந்து, அப்பாவுக்கு ஒரு அளவு, மகனுக்கு ஒரு அளவு.

இப்ப நம்ம கதை.

எங்க அப்பாவுக்கு எழுபத்தி மூணு. நாலு வருஷமா புராஸ்டேட்டுக்கு இந்த 5 மி.கி. மாத்திரை சாப்பிடுறார். தங்கச்சி வீடு பக்கத்துத் தெருதான், அதனால மருந்துக் கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றது எப்பவும் மாப்பிள்ளை. தங்கமான மனுஷன், எங்க அப்பாவை என்னை விட நல்லாப் பார்த்துக்கிறவர். முப்பத்தி நாலு வயசு, உச்சியில வட்டமா நிலா எழும்ப ஆரம்பிச்சிடுச்சு. கல்யாண வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். குரூப் போட்டோ எடுத்தா கடைசி வரிசைக்குப் போயிடுவார். ஒரு நாள் வீட்டு விசேஷத்துல யாரோ பெரியப்பா முறை உள்ளவர் "என்ன மாப்ள, இப்பவே மாமனாரோட போட்டியா"ன்னு கேட்டு வெக்க, மனுஷன் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டார். நாம சிரிச்சிட்டு மறந்துடுவோம், அந்த ஆளுக்கு அது ரெண்டு நாள் தூங்க விடாது. எனக்கும் முடி போச்சுதான். ஆனா நாற்பதுல போறதுக்கும் முப்பதுல போறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனா, மாப்பிள்ளை சமையல் மேடையில தட்டை வெச்சு பிளேடால ஒரு மாத்திரையை அறுத்துக்கிட்டு இருக்கார். நாலு துண்டு. எட்டிப் பார்த்தா அட்டை எனக்குத் தெரிஞ்ச அட்டை, அப்பாவோடது.

"என்ன மாப்ள இது?"

"முடிக்குத்தான் மச்சான். மருந்து ஒண்ணுதான், அளவுதான் வேற. தனியா வாங்கினா செலவு. மாமா சீட்டுலயே ரெண்டு அட்டை வாங்கிட்டு, ஒண்ணை நாலா வெட்டிக்கிறேன். நாலு மாசமா நடக்குது."

கணக்கு சரிதான். 5-ஐ நாலால வகுத்தா 1.25. மருந்தும் ஒண்ணுதான். ஆனா அப்ப என் தங்கச்சிக்கு மூணாவது மாசம். அந்தத் தட்டை எடுத்துக் கழுவுறது யாரு? மேடையைத் துடைக்கிறது யாரு? அவதான்.

மேல சொன்ன சலினாஸ் பிள்ளைங்களை இப்ப நெனைச்சுப் பாருங்க. அவங்களுக்குப் பிறவியில நடந்ததை இந்த மாத்திரை மருந்தால செய்யுது. வயித்துல இருக்கிறது ஆண் குழந்தையா இருந்தா, உறுப்பு உருவாகிற நேரத்துல அந்த டி.எச்.டி. தடைபட்டா குறையோட பொறக்க வாய்ப்பு உண்டு. அதனாலதான் உடைஞ்ச, பொடிஞ்ச ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கர்ப்பமா இருக்கிறவங்க தொடக் கூடாதுன்னு மருந்துத் தாள்ல அச்சடிச்சிருக்கான். முழு மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கும், அதைத் தொட்டா பயமில்லை. அறுத்தா உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். இதெல்லாம் எனக்கு அன்னிக்குத் தெரியாது. அந்த அட்டையில இருந்த பேரைப் போட்டுத் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. படிச்சப்ப ராத்திரி பதினொண்ணரை. அப்படியே சட்டையை மாட்டிக்கிட்டுப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தேன்.

மறுநாள் பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் மறைக்காம சொன்னோம். தட்டுத் துடைச்சதுல உடம்புக்குள்ள போறது ரொம்பச் சொற்பம், பயப்படாதீங்க, ஆனா இனிமே அந்த மாத்திரை உடைஞ்ச நிலையில வீட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. ஸ்கேன் எல்லாம் சரியா இருந்துச்சு. மாப்பிள்ளை அந்த ஆறு மாசம் மாத்திரை பக்கமே போகலை. பொறந்தது பொண்ணு. தலை நெறைய முடி. எங்க அம்மா அதைப் பார்த்துட்டு, "அப்பனுக்குப் போனதெல்லாம் இங்க வந்திருக்கு"ன்னாங்க.

அப்பா விஷயத்துலயும் இந்த மாத்திரை ஒரு வேலை காட்டும். புராஸ்டேட்ல புத்துநோய் இருக்கான்னு சந்தேகம் வந்தா பி.எஸ்.ஏ.ன்னு ரத்தத்துல ஒண்ணு பார்ப்பாங்க. ஆறு மாசம் ஒரு வருஷம் ஃபினாஸ்டெரைடு சாப்பிட்டா அந்த எண் பாதியாக் குறைஞ்சிடும். நோய் குறையலை, எண்தான் குறையுது. அப்பாவுக்கு 2.4-ன்னு வந்தப்ப நாங்க எல்லாரும் நார்மல்னு சந்தோஷப்பட்டோம். சிறுநீரக டாக்டர் பேனாவை எடுத்து ரெண்டால பெருக்கி 4.8-ன்னு பக்கத்துல எழுதி, அதை வெச்சுத்தான் அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறிச்சார். முடிக்குச் சாப்பிடுற 1 மி.கி.லயும் இந்தக் கதைதான். அம்பது வயசுல பி.எஸ்.ஏ. எடுக்கப் போற ஆளு "முடிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறேன்"னு வெக்கப்படாம சொல்லிடணும். சொல்ல மாட்டாங்க, அதுதான் பிரச்சினை.

சரி, அழற்சி. இப்பல்லாம் எங்க பார்த்தாலும் விளம்பரம்: "உங்க முடி கொட்டறதுக்கு உச்சந்தலை அழற்சிதான் காரணம், எங்க எண்ணெயைத் தேய்ங்க". மாப்பிள்ளையும் மாத்திரையை நிறுத்தின ஆறு மாசத்துல அப்படி ரெண்டு பாட்டில் வாங்கினார். இது சுத்தப் பொய்யா? இல்லை. பாதி உண்மை, அதான் கஷ்டம்.

அழற்சின்னா செவக்கிறது, வீங்கறது, சுடறது, வலிக்கிறது. வழுக்கைத் தலையில இதுல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்தத் தோல்ல துளி வெட்டி நுண்ணோக்கியில வெச்சா, முடிக்குழியோட மேல் பாகத்தைச் சுத்தி நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலது குந்திக்கிட்டு இருக்கும். 1992-ல ஜவோர்ஸ்கியும் கூட இருந்தவங்களும் இதை விளக்கமா எழுதினாங்க. அடுத்த வருஷம் டேவிட் வைட்டிங்னு டல்லாஸ் டாக்டர் நிறைய தலைகளைப் பார்த்ததுல, வழுக்கைக்காரங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல ஓரளவு அழற்சியும் குழியைச் சுத்தித் தழும்பு மாதிரி நாரும் இருந்துச்சு. மத்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்குக் கூட இல்லை. இன்னொண்ணும் கவனிச்சார். அழற்சி இருந்தவங்களுக்கு மினாக்ஸிடில் கம்மியாத்தான் வேலை செஞ்சுது. அந்த நார் குழியைச் சுத்தி இறுகிடுச்சுன்னா, உள்ள இருக்கிறது மறுபடி பெருசாகறது கஷ்டம்.

அப்ப அழற்சிதான் மூல காரணமா? எனக்கு அப்படித் தோணலை. மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, பின்மண்டை முடி. மண்ணுல கோளாறுன்னா அங்க கொண்டு போய் நட்ட நாத்தும் வாடணும்ல? வாடறதில்லை. குறை விதையில இருக்கு. விரை நீக்கினவங்களுக்கும் பொடுகு வரும், தலை அரிக்கும், வழுக்கை மட்டும் வராது. டி.எச்.டி. முடி வேர்ல இருக்கிற அணுக்களைத் தூண்டி டி.ஜி.எஃப். பீட்டான்னு ஒண்ணைச் சுரக்க வைக்குது, அது முடி வளர்றதையும் நிறுத்தும், நார் கட்டவும் வைக்கும்னு ஆய்வகத்துல காட்டியிருக்காங்க. அதாவது ஹார்மோன் நெருப்பு வைக்குது, அழற்சி அதுல வர்ற புகை. ஆனா புகையிலயும் மூச்சு முட்டும்ல, அதனால அதை ஒண்ணுமில்லைன்னு தள்ளவும் முடியாது.

2012-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கோட்சரெலிஸ் குழு, வழுக்கை இடத்துல புராஸ்டாகிளாண்டின் டி2-ன்னு ஒரு அழற்சிப் பொருள் அதிகமா இருக்கு, அது முடி வளர்றதைத் தடுக்குதுன்னு கண்டுபிடிச்சப்ப உலகமே குதிச்சுது. அதைத் தடுக்கிற ஒரு மாத்திரையை ஆம்பளைங்களுக்குக் குடுத்துப் பார்த்த முடிவு 2021-ல வந்துச்சு. வெறும் டம்மி மாத்திரையை விட ஒண்ணும் பெருசாச் செய்யலை. அழற்சியை அடக்கறதுல ராஜா ஸ்டீராய்டு, அதையும் இந்த வழுக்கைக்குப் போட்டுப் பிரயோஜனமில்லை.

புழுவெட்டு வேற. காசு மாதிரி வட்டமா ஒரே வாரத்துல கழண்டு விழுமே, அது. நம்ம ஊர்ல சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பாங்க. அங்க எதிர்ப்பு அணுக்கள் குழியோட அடியில, வேர்லயே போய் மொய்க்கும். நோய்க்கூறு டாக்டருங்க அதைத் தேனீக் கூட்டம்னே சொல்வாங்க. அங்க அழற்சிதான் முதல் குற்றவாளி, ஸ்டீராய்டு ஊசிக்குக் கேட்கும், 2022-ல பாரிசிடினிப்னு மாத்திரையும் அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு. விளம்பரக்காரங்க இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பித்தான் வியாபாரம் பண்றாங்க. புழுவெட்டுல திரும்பி வளர்ந்த போட்டோவைக் காட்டி நிலா தலைக்காரனுக்கு எண்ணெய் விக்கிறது.

மினாக்ஸிடிலைப் பத்தி ரெண்டு வார்த்தை. அது ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவங்களுக்குக் கண்ட இடத்துலயும் முடி முளைச்சுது, சரி தலையில தடவுவோம்னு 1988-ல அமெரிக்காவுல அனுமதி. ஹார்மோனை அது தொடறதே இல்லை, வளர்ற காலத்தை மட்டும் நீட்டுது. முதல் ரெண்டு மாசம் இன்னும் அதிகமாக் கொட்டும், பழசைத் தள்ளிட்டுப் புதுசு வர்றதால. நான் எட்டு மாசம் தடவினேன். கொஞ்சம் வந்துச்சு, தினம் ரெண்டு வேளை தடவ எனக்குப் பொறுமை இல்லை, விட்டேன், வந்தது போச்சு. இப்ப ஒண்ணாம் நம்பர் டிரிம்மர், நிம்மதி. வீட்டுல பூனை வளர்க்கிறவங்க ஜாக்கிரதை, அந்த மருந்து பூனைக்கு விஷம்.

மாப்பிள்ளைக்கு என்னை மாதிரி விட மனசில்லை, அதுல தப்பும் இல்லை. குழந்தை பொறந்தப்புறம் அவரைக் கூட்டிக்கிட்டு ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். முடி எப்படி மெலிஞ்சிருக்குன்னு கருவி வெச்சுப் பார்த்தார், பொடுகுக்கு கீட்டோகோனசோல் ஷாம்பு குடுத்தார், அழற்சி எண்ணெயைத் தூக்கிப் போடச் சொன்னார். ஃபினாஸ்டெரைடைப் பத்தி அரை மணி நேரம் பேசினார். சிலருக்கு ஆசை குறையும், பெரும்பாலும் நிறுத்தினா சரியாகும், ஆனா சிலர் நிறுத்தியும் சரியாகலைன்னு சொல்றாங்க. மனசு ரொம்ப இருண்டு போறது, தற்கொலை எண்ணம் வர்றதுன்னு எச்சரிக்கை அமெரிக்காவுல 2022-லயும் ஐரோப்பாவுல 2025-லயும் சேர்த்திருக்காங்க. அந்த மாதிரி ஏதாவது தோணினா அன்னிக்கே நிறுத்திட்டு வாங்கன்னார். "இதை வீட்டம்மாவுக்கும் சொல்லி வைங்க, நமக்கே தெரியாது, கூட இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்." மாப்பிள்ளை எல்லாத்தையும் கேட்டுட்டு, சாப்பிடுறேன்னார்.

இப்ப 1 மி.கி. முழு மாத்திரை, அவரோட சொந்தச் சீட்டுல. அட்டை பீரோ மேல் தட்டுல, பிளேடு குப்பையில. மாசம் முதல் தேதி ஹால் டியூப் லைட்டுக்குக் கீழ உட்கார்ந்து உச்சந்தலையைப் போட்டோ எடுத்துக்கிறார், எடுத்துக் குடுக்கிறது என் தங்கச்சி. ஏழு மாசம் ஆச்சு. கொட்டறது நின்னிருக்கு. புதுசா வந்திருக்கான்னு கேட்டா தங்கச்சி "கொஞ்சம் வந்திருக்குண்ணே"ங்கிறா. போட்டோவைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியலை, நானும் வந்திருக்குன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.